ஆறாயிரம் ரூபாய் ஆம்ப்ளிஃபையரும் அறுபதாயிரம் ரூபாய் ஆம்ப்ளிஃபையரும்

மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில், ஸ்பீக்கரை இயக்கும் இந்த இரண்டு ஆம்ப்ளிஃபையர்களையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டுக் காட்டினார்கள். விலை கூடியதில் பாட்டு துலக்கமாகக் கேட்டது; நானும் தலையாட்டினேன். இரண்டும் ஒரே ஒலியளவில் இருந்தனவா என்று கேட்கத் தோன்றவில்லை. பலரும் ஏமாறுவது இங்கேதான். ஒலியளவு ஒரு டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) மட்டுமே கூடினாலும் காது அதைச் சத்தமாக உணராமல் தரமாக எடுத்துக்கொள்கிறது. ஒலியளவைச் சமமாக்கி, எது ஓடுகிறதென்று தெரியாதபடி நண்பர் ஒருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். ஒழுங்காக வடிவமைத்த மலிவு ஆம்ப்ளிஃபையர், தன் சக்திக்குள் ஓடும்வரை, பெரும்பாலும் விலை உயர்ந்ததற்கு ஈடு கொடுக்கும்.

பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருக்கும் பிஎம்பிஓ வாட் கணக்கை, அதாவது ஒரு கணம் மட்டும் எட்டுவதாகச் சொல்லும் உச்ச சக்தியை, நம்ப வேண்டாம். தொடர்ந்து தரக்கூடிய சக்தியான ஆர்எம்எஸ் அளவைப் பாருங்கள். வாட் இரட்டிப்பானாலும் கூடுவது 3 டெசிபல்தான்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறு. லட்சங்களைக் கொட்டி வாங்கிய ஸ்பீக்கரை ஷோகேஸுக்குள் திணித்து, சுவர் மூலையில் ஒட்டி வைத்துவிடுகிறார்கள். மூலையில் கீழ் ஸ்தாயி ஊதிப்போய் பாடகரின் குரலை விழுங்கிவிடும். நம் வீடுகளில் கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர். கை தட்டினால் அறையே திரும்பத் தட்டும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளுங்கள். மேல் ஸ்தாயியை ஒலிக்கும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர் காது உயரத்துக்கு வரட்டும். தரையில் கனமான ஜமுக்காளம், ஜன்னலுக்குத் தடித்த திரை, ஒரு புத்தக அலமாரி. இவ்வளவு செய்த அறையில் எளிய ஸ்பீக்கர்கூட மொட்டை அறையின் விலை உயர்ந்த ஸ்பீக்கரை வென்றுவிடும்.

மூலப் பதிவையும் பாருங்கள். மதுரையில் 1916-இல் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி சிறுமியாக இருந்தபோதே இசைத்தட்டுக்குப் பாடியவர். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தக் காலத் தட்டில் பதியாத மேல் அதிர்வுகளை எந்தக் கருவியாலும் வரவழைக்க முடியாது. மறுபுறம், மனிதச் செவி எட்டும் 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும், ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து பதியும் சாதாரண சிடியே போதும். வயருக்கும் அப்படித்தான்: போதிய தடிமனுள்ள செப்புக் கம்பி இருந்தால் சரி.

மிச்சமாகும் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். தவிலின் தொப்பிப் பக்கத்தில் கோல் விழும்போது காற்று அதிர வேண்டும். ஸ்பீக்கருக்குள் அதிரும் கூம்பு நான்கு அங்குலம்தான் என்றால் அதனால் அவ்வளவு காற்றைத் தள்ள இயலாது. அங்கே மட்டும் மலிவு தோற்றுத்தான் போகிறது.