நோய்க்கிருமியை அடையாளம் காணுதல்: மாதிரி வந்தது முதல் அறிக்கை போகும் வரை

மருத்துவமனை நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் சேர்ந்து, மாதிரிகளைத் தாமே கையாளத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்தச் சோதனையும் தனித்து நின்று ஒரு பாக்டீரியாவின் பெயரைச் சொல்லிவிடாது. சாயமேற்றிப் பார்த்ததும், வளர்ப்புத் தட்டில் வளர்ந்ததும், வேதிச் சோதனையில் தெரிந்ததும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று ஒவ்வொரு படியிலும் பார்க்க வேண்டும். ஒத்துப்போகாதபோது மேற்கொண்டு செல்லாமல் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும்.

முதலில் மாதிரியைப் பாருங்கள். சிறுநீரை இரண்டு மணி நேரத்துக்குள் தட்டில் இட வேண்டும். முடியாதென்றால் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். மூளைத் தண்டுவட நீரை ஒருபோதும் அதில் வைக்கக் கூடாது, ஏனெனில் மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் சில பாக்டீரியாக்கள் குளிரில் மடிந்துவிடும். இரத்தத்தை ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன், வெவ்வேறு இடங்களில் குத்தி, குறைந்தது இரண்டு தொகுதிகளாக எடுத்திருக்க வேண்டும். பெரியவர்களுக்குப் பொதுவாக ஒரு குப்பிக்கு 8 முதல் 10 மி.லி. தேவை. சளி மாதிரியை 10 மடங்கு வில்லையில் பார்க்கும்போது ஒரு பார்வைப் புலத்தில் 10-க்கு மேல் தட்டை எபிதீலியச் செல்கள் தென்பட்டால், நோயாளி தந்திருப்பது பெரும்பாலும் உமிழ்நீர்தான். அதைத் திருப்பியனுப்பி வேறு மாதிரி கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட சாயமேற்றும் முறைதான் இன்றும் நம் முதல் கருவி. மெல்லிய பூச்சைக் காயவைத்து, நிலைப்படுத்தி, கிரிஸ்டல் வயலட் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம், பிறகு நிறநீக்கி, கடைசியில் சஃப்ரனின் என்று வரிசையாகச் செய்கிறோம். கைப்பழக்கம் தேவைப்படுவது நிறநீக்கத்தில் மட்டுமே. ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து, அசிட்டோன் கலந்த ஆல்கஹாலைத் துளித்துளியாக விடுங்கள். முதலில் அடர்ந்த ஊதாவாக வழியும் திரவம் வெளுத்துக்கொண்டே வரும். நிறமற்று வழியத் தொடங்கிய கணமே தண்ணீரில் கழுவிவிட வேண்டும். சில நொடிகள் தாமதித்தாலும் ஊதாவாக நிற்க வேண்டிய ஸ்டெஃபைலோகாக்கஸ் இளஞ்சிவப்பாகிவிடும்; முந்திவிட்டால் இளஞ்சிவப்பாக வேண்டிய ஈ. கோலையும் ஊதாவாகவே தெரியும். தினமும் தெரிந்த இரு பாக்டீரியாக்களைக் கட்டுப்பாட்டுப் பூச்சாகச் சாயமேற்றிப் பார்த்துவிட்டால் இந்தச் சந்தேகம் வராது. பழைய வளர்ப்பிலிருந்தோ, ஆன்டிபயாட்டிக் பெற்றுக்கொண்டிருக்கும் நோயாளியிடமிருந்தோ வந்த கிராம் நேர் பாக்டீரியா (ஊதாவாக நிற்பது; இளஞ்சிவப்பாவது கிராம் எதிர்) நிறத்தை இழந்து காட்டக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பொதுவான மாதிரிகளுக்கு இரத்த அகர், மெக்கான்கி அகர் என்ற இரு வளர்ப்பு ஊடகங்கள் போதும். ஹீமோஃபிலஸ், நைசீரியா போன்றவற்றை எதிர்பார்க்கும் இடத்தில் சாக்லேட் அகரைச் சேர்த்து, 5 முதல் 10 சதவீதம் கார்பன் டை ஆக்சைடில் வைக்க வேண்டும். தனித்தனிக் காலனிகள் (கண்ணுக்குத் தெரியும் பாக்டீரியாத் திரள்கள்) கிடைக்கும்படி நான்கு பகுதிகளாகக் கோடிழுப்பது அவசியம். கலந்து வளர்ந்ததைக் கொண்டு செய்யும் எந்தச் சோதனையையும் நம்ப முடியாது. சிறுநீருக்கு 1 மைக்ரோலிட்டர் வளையத்தைப் பயன்படுத்தினால் ஒரு காலனி மி.லி.க்கு 1,000 பாக்டீரியாக்களைக் குறிக்கும், 100 காலனிகள் ஒரு லட்சத்தைக் குறிக்கும்.

நான் பணியாற்றிய ஓர் ஆய்வகத்தில் வயிற்றுச் சீழ்க்கட்டியிலிருந்து மாதிரி வந்தது. பூச்சில் சீழ்ச்செல்களுக்கிடையே கிராம் எதிர்க் கோல் வடிவ பாக்டீரியாக்கள் நிறைய இருந்தன; மறுநாள் தட்டுகளில் ஒன்றுமே வளரவில்லை. “வளர்ச்சி இல்லை” என்ற அறிக்கை கையெழுத்துக்குத் தயாராகிவிட்டது. முதல் நாள் பூச்சின் குறிப்பை ஒருவர் எடுத்துப் பார்த்ததால்தான், காற்றில்லா வளர்ப்பு வைக்கவே இல்லை என்பது தெரியவந்தது. கண்ணால் கண்ட பாக்டீரியா தட்டில் வளரவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும்: அது காற்றை வெறுக்கும் இனமாக இருக்கலாம், நோயாளி முன்பே மருந்து பெற்றிருக்கலாம், அல்லது நாம் தேர்ந்த ஊடகம் அதற்குப் போதாததாக இருக்கலாம்.

வளர்ந்த காலனியின் உருவமே பாதிச் செய்தியைச் சொல்லிவிடும். மெக்கான்கியில் இளஞ்சிவப்பாக வளர்ந்தால் லாக்டோஸை நொதிக்கச் செய்கிறது; அதிலும் வழவழப்பாகப் பெருத்திருந்தால் கிளெப்சியெல்லாவை எண்ணலாம். இரத்த அகரில் அலையலையாகப் பரவினால் புரோட்டியஸ். ஆனால் தட்டை மூக்கருகே கொண்டுபோய் மணம் பார்க்கும் பழைய வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். புரூசெல்லா காற்றுவழியே ஆய்வகப் பணியாளர்களைத் தாக்கக்கூடியது. இரத்த வளர்ப்பில் மெதுவாக வளரும் மிகச் சிறிய கிராம் எதிர்க் குறுங்கோல்களைக் கண்டால், அப்போதே வேலையை இரண்டாம் வகைப் பாதுகாப்புப் பெட்டிக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும்.

கிராம் நேர்க் கோளங்களுக்கு முதலில் கேட்டலேஸ் என்ற நொதிக்கான சோதனை. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் குமிழிகள் பொங்கினால் ஸ்டெஃபைலோகாக்கஸ் பக்கம், இல்லையென்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அல்லது என்டரோகாக்கஸ் பக்கம். இரத்தச் சிவப்பணுக்களிலும் கேட்டலேஸ் உண்டு என்பதால், அகரைச் சுரண்டாமல் காலனியின் மேற்புறத்தை மட்டும் எடுங்கள். அடுத்து ஸ்டெஃபைலோகாக்கஸுக்குக் கோயாகுலேஸ் குழாய்ச் சோதனை; பிளாஸ்மாவை உறையவைக்கும் நொதி இருக்கிறதா என்று இது காட்டும். இதை 37 டிகிரியில் வைத்து 4 மணி நேரத்தில் மெல்லச் சாய்த்துப் பார்த்தே ஆக வேண்டும். சில ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வகைகள் தாம் உறையவைத்ததைத் தாமே கரைத்துவிடும். மறுநாள் காலை மட்டும் பார்ப்பவருக்கு அந்த உறைவு கிடைக்காது. கிராம் எதிர்க் கோல்களுக்கு ஆக்சிடேஸ், இண்டோல், சிட்ரேட், யூரியேஸ், மூன்று சர்க்கரை இரும்பு அகர் ஆகியவை வழக்கமானவை. ஆக்சிடேஸுக்குக் காலனியை நிக்ரோம் கம்பியால் எடுத்தால் பொய்யான நேர்முடிவு வரும், மரக்குச்சி போதும்.

மருந்து உணர்திறனுக்கு முல்லர் ஹின்டன் அகர், 4 மி.மீ. ஆழத்தில். பாக்டீரியாக் கலவையின் கலங்கல் 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கலை ஒப்பிடும் தரஅளவு) அளவுக்கு இருக்க வேண்டும்; அதை 15 நிமிடங்களுக்குள் தட்டில் பூசி, அடுத்த 15 நிமிடங்களுக்குள் மருந்து வட்டுகளை வைக்க வேண்டும். கலவை அடர்ந்தால் தடைவளையம் (வட்டைச் சுற்றி பாக்டீரியா வளராத இடம்) சுருங்கி, வேலை செய்யும் மருந்தும் செய்யாததாகத் தோன்றும். இங்கும் ஒத்துப்பார்த்தல் உதவும்: கிளெப்சியெல்லா நிமோனியா ஆம்பிசிலினுக்கு இயல்பாகவே அடங்காதது. உங்கள் தட்டில் அது அடங்கியதாகத் தெரிந்தால், பெயரோ தூய்மையோ மருந்து வட்டோ பிழையாக இருக்க வேண்டும். ஏ.டி.சி.சி. (அமெரிக்க வகை வளர்ப்புச் சேகரிப்பு) 25922 எண் கொண்ட ஈ. கோலை போன்ற கட்டுப்பாட்டு வகையின் வளையம் குறித்த எல்லைக்குள் விழாத நாளில், அந்த மருந்துக்கான முடிவு எதையும் வெளியிடக் கூடாது.

இரத்த வளர்ப்புக் குப்பி நேர்முடிவு காட்டினால் பெயர் தெரியும்வரை காத்திருக்காமல், கிராம் பூச்சின் முடிவை உடனே மருத்துவரிடம் தொலைபேசியில் சொல்லுங்கள். கேட்டதை அவர் திரும்பச் சொன்ன பிறகு, பேசியவர் பெயரையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுதுங்கள். பல குப்பிகளில் ஒன்றில் மட்டும் கோயாகுலேஸ் எதிர் ஸ்டெஃபைலோகாக்கஸ் வளர்ந்திருந்தால், அது தோலிலிருந்து கலந்ததாக இருக்கும் வாய்ப்பே அதிகம் என்பதையும் அதே பேச்சில் தெரிவித்து, நோயாளியின் உடலில் மையச் சிரைக் குழாயோ செயற்கை இதய வால்வோ இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.