சைக்கிள் கியர் சரியா விழலையா? ஸ்குரூவைத் தொடும் முன் பல் சக்கரத்தை எண்ணுங்க

பிரீவீல் (பின்சக்கரத்தில் இருக்கும் பல் சக்கர அடுக்கு) புதுசு, செயின் புதுசு, கியர் ஒயர்கூடப் புதுசு. ஆனாலும் ஒரு கியர் மட்டும் கடகடங்குது. அதைச் சரிபண்ணினா அடுத்தது கெடுது. இந்த மாதிரி வண்டியில் பெரும்பாலும் டியூனிங்கில் கோளாறு இருக்காது. ஜோடி சேராத பாகங்கள் மாட்டியிருக்கும்.

முதல் வேலை எண்ணுவது. பின்சக்கரத்தில் எத்தனை அடுக்கு என்று பாருங்க. பிறகு பின் டீரெய்லரில் (செயினை ஒரு பல் சக்கரத்திலிருந்து அடுத்ததுக்குத் தள்ளும் பாகம்) ஒயரைக் கழற்றி, கையால் விறைப்பா இழுத்துப் பிடிச்சுக்கிட்டு ஷிஃப்டரை (ஹேண்டில்பாரில் கியர் மாத்தும் லீவர்) ஒவ்வொரு கிளிக்கா தள்ளுங்க. கிளிக்கோட ஒண்ணு கூட்டணும்: 6 கிளிக் என்றால் 7 கியர் ஷிஃப்டர். ஃபிரேமில் ஒட்டின '21 ஸ்பீடு' ஸ்டிக்கரை நம்பாதீங்க, பாகம் எப்பவோ மாறியிருக்கலாம்.

பலரும் சறுக்குவது இங்கேதான். 7 கியர் ஷிஃப்டரோடு 6 அடுக்கு பிரீவீலைப் போட்டா "ஒரு கிளிக் மிச்சம், அவ்வளவுதானே" என்று தோணும். அப்படி இல்லை. 6 அடுக்கில் ஒரு பல் சக்கரத்துக்கும் அடுத்ததுக்கும் சுமார் 5.5 மி.மீ.; 7 அடுக்கில் 5 மி.மீ. ஆக, கிளிக்குக்கு அரை மி.மீ. குறையுது. ஐந்து கிளிக்கில் 2.5 மி.மீ., கிட்டத்தட்டப் பாதிப் பல் சக்கரம் தள்ளி நிக்கும். பேரல் அட்ஜஸ்டரை (ஒயரின் விறைப்பைக் கூட்டிக் குறைக்கும் திருகு) எவ்வளவு திருகினாலும் இந்தக் கணக்கு மாறாது. டீரெய்லரில் இருக்கும் எச், எல் ஸ்குரூ இரண்டும் இரு கடைசி எல்லைக்கு மட்டும்தான். நடுக் கியருக்கு அதைத் திருகினா ஒருநாள் செயின் பின்சக்கர ஸ்போக்ஸ் கம்பிக்குள்ளே விழும்.

செயின்: 6, 7, 8 அடுக்குக்கு ஒரே செயின் போதும். 9 அடுக்குச் செயின் ஒல்லி. சிங்கிள் ஸ்பீடு சைக்கிளின் அரைக்கால் அங்குலச் செயினைக் கியர் வண்டியில் போடவே கூடாது, பக்கத்துப் பல் சக்கரத்தில் உரசும்.

புதுச் செயின் போட்டதும் மிதிக்கும்போது வழுக்கினா, பழைய பிரீவீலின் பல் தேய்ந்திருக்கு. நம்ம காரைக்குடி பக்கத்துச் செம்மண் புழுதி எண்ணெயில் குழைஞ்சா உப்புத்தாள்தான். கானாடுகாத்தான், பள்ளத்தூர் ரோட்டில் தினம் ஓட்டினா மாசம் ஒருமுறை அளங்க: ஸ்கேலில் 24 கண்ணி சரியா 12 அங்குலம் இருக்கணும். 1/16 அங்குலம் கூடினதுமே செயினை மாத்தினா பிரீவீல் தப்பிக்கும். 1/8 கூடியிருந்தா ரெண்டையும் சேர்த்து மாத்துங்க.

வாங்கும் முன் பிரீவீலா (ஹப்பில் மரையில் திருகி மாட்டுவது) கேசட்டா (ஹப்பில் செருகி மாட்டுவது) என்று பாருங்க. சக்கரத்தைக் கழற்றி, பல் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுத்துங்க. நடுவில் டூல் மாட்டும் பள்ளமும் சேர்ந்து சுத்தினா கேசட். அசையாம நின்னா பிரீவீல். இரண்டும் ஒண்ணுக்கொண்ணு சேராது.

பிரீவீல் கழற்ற அதற்குரிய ரிமூவர்தான் வேணும். உளி, சுத்தியல் பக்கமே போகாதீங்க. ரிமூவரை ஆக்சில் நட்டால் லேசா இறுக்கி, இடப்பக்கமா அரைச்சுத்து. இளகினதும் நட்டை உடனே எடுத்துடணும். புதுசு போடும்போது மரையில் கிரீஸ் தடவுங்க. இல்லாட்டி அடுத்த தடவை ரிமூவர் பல்தான் உடையும்.

பின்சேர்க்கை: பிளஸ் ஒன்னில் கிடைச்ச இலவசச் சைக்கிளுக்கு 6 அடுக்கு மாட்டலாமா என்று கேட்கிறார்கள். மரை பொருந்தினாலும் பின்ஃபோர்க்கில் அகலம் போதாது, கடைசிப் பல் சக்கரத்தில் ஓடும் செயின் ஃபிரேமில் இடிக்கும். ஆக்சில், வாஷர், ரிம் சென்டர் எல்லாம் மாத்தணும். அந்தச் செலவுக்குப் பழைய கியர் வண்டி ஒண்ணைத் தேடுவது மேல்.