பல்கலைக்கழக மாணவருக்கு எதிரான பாலியல் வன்கொடுமை: முறைப்பாட்டின்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பம்பைமடுவிலுள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்திலும், கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்களிலும் படிக்கும் மாணவர் பலர் வீட்டை விட்டு விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கியிருப்பவர்கள். அவர்களில் ஒருவருக்குப் பாலியல் வன்கொடுமை நேர்ந்தால், அடுத்து என்ன செய்வதென்று அருகிலிருக்கும் நண்பர்களே முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஆலோசனை நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டாலும் பெரும்பாலும் பிழையான வரிசையில் வந்து சேர்கிறது.

எது அவசரம், எது பொறுக்கக்கூடியது என்பதைத் தலைகீழாக விளங்கிக்கொள்வதே முதல் தவறு. பொலிசுக்குப் போவதா இல்லையா என்ற கேள்வியிலேயே இரண்டு மூன்று நாள்கள் கரைந்துவிடுகின்றன. அந்த முடிவு எடுக்கப்படும் வரை வைத்தியசாலைக்கும் போவதில்லை. உண்மையில் காத்திருக்காதது மருத்துவம்தான். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். அதுவும் எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு பயன். அவசரக் கருத்தடை மாத்திரையும் முதல் 72 மணித்தியாலத்துக்குள் எடுக்கும்போதே நன்கு பயனளிக்கும். உடலிலும் உடையிலும் உள்ள தடயங்கள் ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே போகும். மாறாக, குற்றவியல் வழக்குத் தொடர்வதற்கு இலங்கைச் சட்டம் பொதுவாக 20 ஆண்டுகள் வரை இடம் தருகிறது. ஆகவே வைத்தியசாலைக்கு இன்றே போக வேண்டும். முறைப்பாட்டைப் பற்றி ஆறுதலாகவும் யோசிக்கலாம். ஆனால் காலம் தாழ்த்திய முறைப்பாட்டுக்கு ஏன் தாமதம் என்ற கேள்வி நீதிமன்றத்தில் எழும் என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இரவில் விடுதியிலிருந்து நகருக்குப் பேருந்து கிடையாதென்று விடியும் வரை காத்திருப்போர் உண்டு. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். குளிக்காமல், உடை மாற்றாமல் போவது நல்லது. மாற்றியிருந்தால் அந்த உடையைத் துவைக்காமல் கடதாசிப் பையில் இட்டு எடுத்துச் செல்ல வேண்டும், ஏனெனில் பொலித்தீன் பைக்குள் ஈரம் தேங்கித் தடயங்கள் பழுதாகிவிடும். குளித்தாகிவிட்டது, இனிப் போய் என்ன பயன் என்று இருந்துவிடுவது அதைவிடப் பெரிய தவறு. சிகிச்சைக்கு முறைப்பாடு முன்நிபந்தனை அல்ல. சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையும் நீதிமன்றத்துக்கான அறிக்கையும் வேறு விடயம். அதற்குப் பொதுவாகப் பொலிசார் வழங்கும் படிவம் வேண்டும், பரிசோதிக்கப்படுபவரின் சம்மதமும் வேண்டும். எந்தத் தகவல் யாருக்குப் போகும் என்பதை வைத்தியரிடம் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அரச வைத்தியசாலைகள் பலவற்றில், வன்முறைக்கு உள்ளானோருக்கென்றே ‘நட்பு நிலையம்’ என்ற பிரிவு இயங்குகிறது. சிங்களத்தில் அதை ‘மிதுரு பியச’ என்பார்கள். அங்கே பேசுவதற்கு வழக்குப் போடும் எண்ணம் இருக்க வேண்டியதில்லை.

அடுத்தது, பல்கலைக்கழகத்துக்குச் சொன்னால் பொலிசுக்குச் சொன்னதாகிவிடும் என்ற நினைப்பு. மாணவர் ஆலோசகரிடமோ விடுதிப் பொறுப்பாளரிடமோ பீடாதிபதியிடமோ கொடுக்கும் முறைப்பாடு ஒழுக்காற்று விசாரணைக்கே இட்டுச்செல்லும். அந்த விசாரணையால் ஒருவருக்கு வகுப்புத்தடை விதிக்கலாம், பதவியிலிருந்து நீக்கலாம். சிறைக்கு அனுப்ப முடியாது. பொலிஸ் முறைப்பாடோ குற்றவியல் வழக்குக்குப் போகும் வழி. ஆனால் விடுதி அறையை மாற்றித் தருவதும், குற்றஞ்சாட்டப்பட்டவர் அதே விரிவுரை மண்டபத்தில் அமராமல் பார்த்துக்கொள்வதும் பல்கலைக்கழகத்தின் கையில்தான் உள்ளன. இரண்டையும் ஒரே நேரத்தில் நாடலாம். ஒன்று முடியும் வரை மற்றது காத்திருக்க வேண்டியதில்லை. “கம்பஸ் பிரச்சினையைக் கம்பசுக்குள்ளேயே முடிப்பம்” என்று சிரேஷ்ட மாணவர்கள் சொல்வது பெரும்பாலும் யாருடைய நலனுக்காக என்பதைச் சற்று யோசித்தாலே விளங்கும். பல்கலைக்கழகத்துக்குக் கொடுப்பதை எழுத்தில் கொடுத்து, திகதியிட்ட பிரதியொன்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்; உள்ளே அசைவில்லையென்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு எழுத அந்தப் பிரதி உதவும்.

பகிடிவதையின் பெயரால் நடந்ததைக் குற்றமாகவே கருதாமல் விடுவதும் இதே வகையைச் சேர்ந்தது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டத்தின்படி, பகிடிவதையின்போது பாலியல் தொந்தரவு செய்தவருக்குப் பத்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். விரிவுரையாளர் ஒருவர் புள்ளிகளையோ ஆய்வு மேற்பார்வையையோ காட்டித் தொந்தரவு செய்தால், தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு அதிகாரத்தில் உள்ளவரின் செயலையும் உள்ளடக்குகிறது.

உடம்பில் காயமில்லை, கத்தவில்லை, அவன் என் காதலன்தான், ஆகவே யாரும் நம்பமாட்டார்கள் என்று தானாகவே தீர்ப்பு எழுதிக்கொள்வோர் பலர். சம்மதமின்றி நடந்தது என்பதை நிரூபிக்க, எதிர்த்துப் போராடியதற்கான காயங்கள் அவசியமில்லை என்று அதே சட்டக்கோவையின் 363ஆம் பிரிவின் விளக்கமே கூறுகிறது. அந்தப் பிரிவு பெண்ணுக்கு எதிரான வன்புணர்வை மட்டுமே பேசுகிறது என்பதனால் ஆண் மாணவர்கள் தமக்கு வழியே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. கடுமையான பாலியல் துஷ்பிரயோகம் பற்றிய 365ஆ பிரிவின் கீழ் அவர்கள் முறையிடலாம்.

பொலிஸ் நிலையத்தில் நடக்கும் தவறுகளில் நான் மிகப் பாரதூரமாகக் கருதுவது, விளங்காத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் ஒப்பமிடுவது. வன்னியில் சீருடையைக் கண்டாலே ஒடுங்கிப்போகும் பழக்கம் போரோடு வந்தது. அதை ஒரு மாணவியின் பலவீனமாகப் பார்க்க முடியாது. ஆயினும் தமிழ் வட மாகாணத்தின் நிர்வாக மொழி, வாக்குமூலத்தைத் தமிழில் கொடுப்பது உரிமை. பெண் உத்தியோகத்தரைக் கேட்கலாம், நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, சொல்லாதது சேர்ந்திருந்தால் திருத்தச் சொல்லி, அதன் பிறகே ஒப்பமிட வேண்டும். நினைவில்லாததை நினைவில்லை என்றே சொல்வது நல்லது. இடைவெளியை ஊகத்தால் நிரப்பினால் பின்னாளில் குறுக்கு விசாரணையில் அந்த ஊகமே பிடிபடும். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளாமல் வெளியே வரக் கூடாது. தனியே போகத் தயக்கமிருந்தால் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தையும், வசதியில்லாதோருக்குக் கட்டணமின்றி உதவும் சட்ட உதவி ஆணைக்குழுவையும் முன்கூட்டியே நாடலாம்.

கையடக்கத் தொலைபேசி தொடர்பிலும் இரண்டு தவறுகள் நேர்கின்றன. ஒன்று, அருவருப்பினால் வட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் அழித்துவிடுவது. அதைப் பார்க்க வேண்டாம், ஆனால் அழிக்கவும் வேண்டாம். இலக்கமும் திகதியும் தெரியும்படி திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷொட்) எடுத்து நம்பிக்கையான ஒருவரிடம் அனுப்பி வைக்கலாம். மற்றையது, நியாயம் கேட்கும் வேகத்தில் நண்பர்கள் முகநூலில் எழுதிவிடுவது. பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அவரை அடையாளம் காட்டும் விபரத்தையோ வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவின் கீழ் குற்றம். பெயரைப் போடாமல் பீடத்தையும் வருடத்தையும் ஊரையும் போட்டால், சிறிய பீடமொன்றில் அதுவும் பெயரைப் போட்டதற்குச் சமம்தான்.

விடயம் ஊருக்குத் தெரிந்த பிறகு மாமாவோ கோயில் நிர்வாகத்தவரோ முன்வந்து, பொடியனுக்கே கட்டிவைத்து முடிப்போம் என்று பேசுவது இன்னும் நின்றபாடில்லை. பாலியல் வன்புணர்வு இரு தரப்பும் இணங்கித் தீர்த்துக்கொள்ளக்கூடிய குற்றம் அல்ல. பெரியவர்கள் எழுதி வாங்கும் எந்தக் கடிதமும் அதைச் சட்டத்தின் முன் இல்லாமலாக்காது.

நண்பராக உடன் நிற்பவர் குற்றஞ்சாட்டப்பட்டவரைத் தேடிப்போய்ச் சண்டையிடக் கூடாது. அதனால் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிர்முறைப்பாடு கொடுக்க வசதி கிடைப்பதைத் தவிர வேறொன்றும் நடக்காது. ஏன் அங்கே போனாய் என்று கேட்கவும் கூடாது. பாதிக்கப்பட்டவர் முதன்முதலில் யாரிடம் சொன்னாரோ அவர் பின்னர் சாட்சியாக அழைக்கப்படலாம் என்பதால், எப்போது, எங்கே, என்ன சொல்லப்பட்டது என்பதை அன்றே, கேட்ட சொற்களிலேயே, தன் சொந்தக் கருத்தைக் கலக்காமல் எழுதித் திகதியிட்டு வைத்துக்கொள்வது அவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை. முறைப்பாட்டை மீளப்பெறச் சொல்லி அழைப்புகள் வரத் தொடங்கினால் அந்த இலக்கங்களையும் நேரங்களையும் அதே தாளில் சேர்த்துக்கொள்ளலாம். பாதிக்கப்பட்டவரையும் சாட்சிகளையும் அச்சுறுத்துவது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனியான குற்றம், அதற்குத் தனியாகவே முறைப்பாடு கொடுக்க வேண்டும்.