சாக்கடை இல்லாத தெருவுக்கு உறிஞ்சு குழி
பாத்திரம் கழுவும் தண்ணீருக்கும் குளிக்கும் தண்ணீருக்கும் வீட்டுக்கு ஒரு குழி போதும். கக்கூஸ் தண்ணீரை மட்டும் இதில் விடவே கூடாது. நீளம், அகலம், ஆழம் மூன்றும் 1 மீட்டர். குடிநீர்க் கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி வெட்டுங்கள். அடியில் பெரிய கருங்கல், நடுவில் செங்கல் துண்டு, மேலே ஜல்லி.

கொத்தனாராக நான் பார்த்தவரை, குழி அடைத்துக்கொள்வது சோற்றுப் பருக்கையாலும் எண்ணெய்ப் பிசுக்காலும்தான். அதனால் அடியில் ஓட்டை போட்ட மண்பானையில் தேங்காய் நாரைத் திணித்து, குழாய் வாய்க்கு நேர் கீழே ஜல்லிமேல் உட்கார வையுங்கள். நார் கறுத்து வழுவழுத்தால் மாற்றிவிடுங்கள். சோம்பல்பட்டால் குழியையே தோண்ட வேண்டிவரும்! அப்புறம், மேலே கல்பலகை போட்டு இடுக்கை அடைத்தால் கொசு அண்டாது.

களிமண் நிலமா? தண்ணீர் இறங்காது. சின்ன வாய்க்கால் வெட்டி வாழைக்குத் திருப்பிவிடுங்கள்.