கம்பஸுக்கு சைக்கிளில்: வந்தாறுமூலையில் ஒரு குழுவைத் தொடங்குவது எப்படி?

2022 ஜூலையில், தட்டுப்பாட்டுக்குள் எரிபொருளைப் பங்கிட கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான் கிடைத்தது. மட்டக்களப்பில் கோடிப்புறத்தில் துருவேறிக் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் அப்போது ரோட்டுக்கு வந்தன. பெற்றோல் தாராளமானதும் பாதிக்கு மேல் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டன. ஏன் என்று, வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் என் பட்ச் ஆட்களிடம் கேட்டுப் பார்த்தேன். சைக்கிள் பிடிக்காது என்று ஒருவரும் சொல்லவில்லை. “டயருக்குள்ள காத்து நிக்குதில்ல.” “வேர்த்து ஊத்துது.” “இருட்டுக்குள்ள தனிய வர ஏலா.” இவைதான் திரும்பத் திரும்ப வந்த பதில்கள். சூழலைக் காப்போம் என்று பதாகை கட்டினால் இந்த மூன்றில் ஒன்றுகூடத் தீராது. அதனால் பதாகையை விட்டுவிட்டு இவற்றிலிருந்தே தொடங்குவோம்.

படி 1: யார் எங்கிருந்து வருகிறார்கள்?

ஒரு கொப்பி எடுத்து உங்கள் பட்ச்சை மட்டும் எழுதுங்கள்: தங்கும் ஊர், இப்போது எதில் வருகிறார், சைக்கிளில் வராததற்கு என்ன காரணம். மட்டக்களப்பு நகரிலிருந்து வந்தாறுமூலைக்கு சுமார் 16 கிலோமீற்றர். கச்சான் காற்று அனலாய் அடிக்கிற மாதங்களில் அதைத் தினமும் மிதிக்கச் சொல்வது நியாயமில்லை. கொம்மாதுறை, செங்கலடி, மாவடிவேம்பு, சித்தாண்டி, ஏறாவூர்ப் பக்கம் போர்டிங் எடுத்திருப்பவர்கள்தான் முதலில் நம் ஆட்கள். ஆறு கிலோமீற்றர் என்றாலும் ஆறுதலாக மிதித்து அரை மணித்தியாலத்தில் வந்துவிடலாம்.

“இதனால் என்ன குறையும்?” என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். லீற்றர் பெற்றோலே முக்கால் கிலோதானே என்று தோன்றும். எரியும்போது காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்வதால்தான் எடை கூடுகிறது. லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிளில் தினமும் போக வர மொத்தம் 10 கிலோமீற்றர் ஓடும் ஒருவர், நாளொன்றுக்கு அரைக் கிலோவைக் காற்றில் விடுகிறார்.

படி 2: ஐந்து பேரைச் சேருங்கள்

ஐந்து பேர் போதும். ஜூனியர்களைக் கட்டாயப்படுத்தவே வேண்டாம். சீனியர் சொன்னதற்காக மிதிக்கிற பிள்ளை, நீங்கள் பட்டம் வாங்கிப் போன அன்றைக்கே சைக்கிளையும் நிறுத்திவிடும். ஒரு தங்கச்சி தானாக வந்து “அண்ணா, நானும் வரட்டா?” என்று கேட்கும்வரை பொறுத்திருங்கள்.

படி 3: ஒட்டுப் போடும் நாள்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். ஒரு சனிக்கிழமை வெள்ளெனவே, வெயில் ஏறமுன், எல்லோரும் சைக்கிளோடு ஒரு மரநிழலில் கூடுங்கள். ஒரு பம்ப், ஒட்டுத் துண்டுகள், சொலூஷன் (ஒட்டும் பசை) டியூப் ஒன்று, மண்கடதாசி, ஒரு பேசின் தண்ணீர், பழைய துணி, இரண்டு சாப்பாட்டுக் கரண்டி. இவ்வளவும் இருந்தால் வேலையைத் தொடங்கலாம்.

காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, கரண்டிக் காம்பை டயருக்கும் ரிம்முக்கும் இடையில் கொடுத்து நெம்புங்கள். ஒரு கை அளவு தள்ளி மற்றக் கரண்டியைக் கொடுத்தால் டயரின் ஒரு பக்கம் கழன்று வரும். காம்பு டியூபைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். டியூபை வெளியே இழுத்துக் கொஞ்சம் காற்றடித்து, பேசின் தண்ணீரில் பகுதி பகுதியாக அமிழ்த்துங்கள். குமிழி வருகிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டே டியூபை வெளியே எடுத்துப் பேனையால் வட்டம் போடுங்கள். அப்புறம் காற்றை இறக்கி, ஈரத்தைத் துடைத்து, அந்த இடத்தை மண்கடதாசியால் மினுமினுப்புப் போகும்வரை தேயுங்கள். ஒட்டுத் துண்டைவிடச் சற்று அகலமாகச் சொலூஷனை மெல்லிசாய்ப் பூசுங்கள்.

இனித்தான் பொறுமை வேண்டும். பூசிய உடனேயே ஒட்டினால் நிற்காது. நான்கைந்து நிமிடம் காயவிட்டு, விரலால் தொட்டால் கையில் பிடிக்காத பதம் வந்ததும் துண்டை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள்.

டியூபைத் திரும்பப் போடமுன் டயரின் உட்புறத்தைப் பழைய துணியால் ஒரு சுற்றுத் தடவுங்கள். முள் இருந்தால் துணியை இழுக்கும். முதன்முதலாக நானே ஒட்டுப் போட்டபோது இதைச் செய்யவில்லை. மறுநாள் பரீட்சை. பாதி வழியில் காற்றுப் போய், உருட்டிக்கொண்டே வந்து, மண்டபத்துக்குள் இருபது நிமிடம் பிந்தி நுழைந்தேன். முந்தைய நாள் குத்திய அதே உடைமுள் டயருக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அன்றைக்கே பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா பாருங்கள். செயினைத் துடைத்துத் தையல் மெசின் எண்ணெய் விடுங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிக்கால் வைத்துக் கால் நேராக வரும் அளவுக்குச் சீற்றை உயர்த்துங்கள். சீற் பதிந்திருந்தால் முழங்கால் நோகும். அந்த நோவிலேயே பலர் சைக்கிளை விட்டுவிடுகிறார்கள்.

படி 4: வியர்வையும் உடுப்பும்

முதல் விரிவுரை எட்டு மணிக்கு என்றால் ஏழுக்கே புறப்படுங்கள். வேகமாக மிதிக்க வேண்டாம். புத்தகப் பையை முதுகில் போடாமல் கரியரில் கட்டினாலே முதுகு நனைவது பாதியாகும். துவாய் ஒன்றும் மாற்றுச் சட்டை ஒன்றும் பைக்குள் இருக்கட்டும். சேலை, அபாயா உடுத்து வருகிற பெண் பிள்ளைகளுக்குச் செயின் கவரும் பின் சில்லில் வலையும் கட்டாயம் பூட்ட வேண்டும். துணி சில்லுக்குள் போனால் விழுவது நிச்சயம்.

படி 5: திரும்பிப் போவது

ஆறரைக்கே இருட்டிவிடும். திருகோணமலை வீதியில் பஸ்கள் எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. இரவில் மாடுகள் வேறு ரோட்டிலேயே படுத்திருக்கும். கறுப்பு மாடு கிட்டப் போகும்வரை தெரியாது. அதனால் முன்னுக்கு ஒரு வெள்ளை லைற், பின்னுக்குச் சிவப்பு லைற், மட்காட்டில் ஒளி தெறிக்கும் ஸ்டிக்கர்.

வாசலில் கூடும் நேரம் ஒன்றை முடிவு செய்து வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். உதாரணமாக 5.15. ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். வழி தெரிந்தவர் முன்னுக்கும் பம்ப் வைத்திருப்பவர் கடைசியிலும் வரட்டும். ஊர் வந்ததும் உள்வீதியால் திரும்பி, கடைசிப் பிள்ளை போர்டிங் படலையைத் திறக்கும்வரை கூடப் போங்கள். ஒரு நாள்கூட இதைத் தவறவிடாதீர்கள்.

தூரத்து ஆட்களுக்கு

நகரிலிருந்தும் வாழைச்சேனைப் பக்கமிருந்தும் வருகிறவர்களுக்கு பஸ் இருக்கிறது. சீசன் டிக்கெட்டுக்கு டிப்போவில் விண்ணப்பம் கேளுங்கள். மோட்டார் சைக்கிள்தான் வேண்டும் என்பவர் பின் சீற்றில் இன்னொருவரை ஏற்றி வரட்டும். ஒரு வண்டி குறையும்.

மாரி வந்ததும்

ஒக்டோபருக்குப் பிறகு மழை. ரோட்டில் வெள்ளம் நிற்கிற நாளில் எல்லோரும் பஸ்ஸிலேயே போங்கள். மழை விட்ட அன்று செயினுக்கு எண்ணெய் விட்டுவிட்டுத் திரும்பவும் இறங்கலாம்.

இரண்டு மாதம் ஓடிய பிறகு அந்தக் கொப்பியை எடுத்து, எந்த நாளில் எத்தனை பேர் வந்தார்கள் என்று கூட்டிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையோடு மாணவர் ஒன்றியம் ஊடாக ஒரு கடிதம் கொடுங்கள். இரண்டே விடயம் கேளுங்கள்: பீடத்துக்குப் பக்கத்தில் கூரை போட்ட ஒரு நிறுத்துமிடம், அங்கே சங்கிலியில் கட்டிய ஒரு பம்ப்.