சேலத்தின் பழைய ஏரிகளைத் திரையில் பார்ப்பது எப்படி? கூகுள் எர்த் புது வசதிகள், அடிப்படையிலிருந்து

மேட்டூர் அணை வறண்டு கிடந்த 2017-ஐயும், 120 அடியைத் தொட்டு நின்ற 2018-ஐயும் வீட்டில் உட்கார்ந்தபடியே அடுத்தடுத்துப் பார்க்கலாம். பழைய செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கும் வசதி கூகுள் எர்த்துக்குப் புதிதல்ல, 2009-லேயே வந்தது. ஆனால் அதற்குக் கணினியில் தனி மென்பொருளை இறக்கி நிறுவ வேண்டியிருந்தது. 2024 செப்டம்பரில் கூகுள் அறிவித்த மாற்றத்துக்குப் பிறகு அதே வசதி பிரவுசருக்கும் கைபேசிக்கும் வந்துவிட்டது. இனி கூகுள் எர்த்தை ஒருமுறைகூடத் திறக்காதவர்களும் தங்கள் ஊர் ஏரியை வருடவாரியாகப் பார்க்கலாம். அதற்குத்தான் இந்த விளக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன், நிறையப் பேர் இதைக் கேட்கிறார்கள். கூகுள் எர்த்தில் தெரிவது நேரலை அல்ல. என்றோ ஒரு நாள் செயற்கைக்கோளோ விமானமோ எடுத்த படம்தான் அது. ஆகவே எந்த இடத்தைப் பார்த்தாலும் முதல் கேள்வி "இது எந்தத் தேதிப் படம்?" என்பதாக இருக்கட்டும். கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

படி 1: திறப்பதும் திரும்புவதும்

பிரவுசரில் எர்த் டாட் கூகுள் டாட் காம் என்ற முகவரிக்குப் போங்கள். கைபேசி என்றால் கூகுள் எர்த் செயலியை நிறுவிக்கொள்ளுங்கள். படங்கள் டேட்டாவை நன்றாகவே இழுக்கும், வைஃபை இருந்தால் நல்லது.

தேடல் பெட்டியில் "சேலம்" என்று தமிழிலேயே அடிக்கலாம். சின்ன ஊர்கள் சில சமயம் எழுத்து வேறுபாட்டால் சிக்காது. அப்போது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அடித்துவிடுங்கள். 11.775, 78.209 என்று கொடுத்தால் நேராக ஏற்காட்டில் இறங்கும். மேட்டூர் அணைக்கு 11.80, 77.80.

சேலத்துக்கு வந்ததும் கொஞ்சம் மேலே ஏறி, நகரம் முழுவதும் திரைக்குள் அடங்கும்படி வையுங்கள். நகரத்துக்கு வடக்கே, மலையடிவாரத்தை ஒட்டி வெள்ளை வெள்ளையாகக் கொட்டிக் கிடப்பது போல ஒரு பரப்பு தெரியும். அதுதான் மேக்னசைட் சுரங்கப் பகுதி, நம்மாட்கள் வெள்ளைக்கல் என்று சொல்வது. சேர்வராயன் மலையின் கரும்பச்சைக்கும் நகரத்தின் சாம்பல் நிறத்துக்கும் நடுவில் அது பளிச்சென்று இருப்பதால், வழி தவறினால் திரும்பி வர நல்ல அடையாளம். அங்கிருந்து வடகிழக்கே போனால் ஏற்காடு, தெற்கே வந்தால் நகரம்.

இப்போது படத்தைச் சாய்த்துப் பாருங்கள். கணினியில் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு மவுஸை இழுக்க வேண்டும். கைபேசியில் இரண்டு விரலையும் ஒன்றாக வைத்து மேலும் கீழும் நகர்த்த வேண்டும். தட்டையாகக் கிடந்த மலை எழுந்து நிற்கும். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். அந்த வித்தியாசத்தை அப்போதுதான் கண் உணரும். திசை குழம்பினால் திசைகாட்டியை ஒரு தட்டு தட்டுங்கள், வடக்கு மேலே வந்துவிடும்.

படி 2: பழைய படங்களுக்குப் போவது

கணினியில் மேலே உள்ள கருவிப்பட்டையில் கடிகாரம் போன்ற குறி இருக்கும். "ஹிஸ்டாரிக்கல் இமேஜரி" என்று பெயர். கைபேசியில் அடுக்குகளைக் காட்டும் பொத்தானுக்குள் தேடுங்கள். அழுத்தியதும் ஒரு காலக்கோடு வரும். அதில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு தேதி. அம்புக்குறியை அழுத்தி ஒவ்வொன்றாகப் பின்னால் போகலாம்.

பழகுவதற்கு மூக்கனேரி நல்ல இடம். சேலத்தின் வடகிழக்கில் கன்னங்குறிச்சியை ஒட்டி, மலைக்குக் கீழே இருக்கிறது. ஏரி முழுவதும் திரையில் தெரியும் அளவுக்கு நெருங்கிக்கொண்டு, 2010-க்கு முந்தைய படம் ஒன்றை எடுங்கள். ஏரிக்குள் தீவு எதுவும் இருக்காது. அப்புறம் ஒவ்வொரு தேதியாக முன்னால் வாருங்கள். சேலம் மக்கள் குழுவாகச் சேர்ந்து 2010-இல் அந்த ஏரியைச் சீரமைக்கத் தொடங்கியபோது, அள்ளிய மண்ணை உள்ளேயே மேடு மேடாகக் குவித்து மரம் நட்டார்கள். அந்த மேடுகள் முதலில் வெறும் மண் வட்டங்களாகத் தெரியும். பிறகு வரும் படங்களில் மேலே பச்சைப் புள்ளிகள் தோன்றும். இன்னும் முன்னால் வந்தால் தண்ணீருக்கு நடுவே மரக்கூட்டங்களாகவே நிற்கும். ஊர்க்காரர்கள் சேர்ந்து செய்த ஒரு வேலை வானத்திலிருந்து பதிவாகியிருப்பதை இப்படி நம் கையாலேயே நகர்த்திப் பார்க்கும்போது மனசு நிறைந்துபோகிறது.

கட்டுமானங்களில் பார்க்க வேண்டுமென்றால் சேலத்தின் அஞ்சு ரோடு சந்திப்புக்குப் போங்கள். 2020 ஜூனில் திறந்த ஈரடுக்கு மேம்பாலம் அதற்கு முந்தைய படங்களில் படிப்படியாக எழும்புவதைப் பார்க்கலாம்.

படி 3: ஏமாறாமல் ஒப்பிடுவது

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். இரண்டு படங்களை எடுத்து, "பார்த்தீர்களா, ஏரியே காணாமல் போய்விட்டது" என்று வாட்ஸ்அப்பில் போடுபவர்கள் நிறைய. பெரும்பாலும் ஒரு படம் நவம்பரிலும் இன்னொன்று ஏப்ரலிலும் எடுத்ததாக இருக்கும். நம் பக்கத்து ஏரிகள் மழை முடிந்த கையோடு நிறைந்தும், கோடையில் வறண்டும் கிடப்பது இயல்பு. அதனால் ஒப்பிட எடுக்கும் இரண்டு படமும் ஒரே மாதத்துப் படமாக, குறைந்தபட்சம் அடுத்தடுத்த மாதமாகவாவது இருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மேகம் இல்லாத நாளில் எடுத்த படம்தான் பயன்படும். மழைக்காலத்தில் சேர்வராயன் மலை மேல் மேகம் கவிந்தே கிடப்பதால், கிடைக்கும் தெளிவான படங்களில் பெரும்பாலானவை வெயில் காலத்தவையாக இருக்கும். ஏரி ஏன் எப்போதும் காய்ந்தே தெரிகிறது என்று தோன்றினால் தேதியைப் பாருங்கள், பாதி விடை அதிலேயே கிடைக்கும்.

அதே போல, திரையில் தெரிவது முழுக்க ஒரே நாள் படமாக இருக்காது. பல படங்களை ஒட்டித்தான் காட்டுகிறார்கள். ஓரிடத்தில் நேர்க்கோடாக நிறம் மாறினால், கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தேதி, அந்தப் பக்கம் வேறு தேதி என்று கொள்ளலாம். பழைய படங்கள் சில மீட்டர் தள்ளியும் உட்கார்ந்திருக்கும். சாலை நகர்ந்துவிட்டது போலத் தோன்றினால் பக்கத்தில் உள்ள கோயில் கோபுரத்தையோ பெரிய பாறையையோ பாருங்கள். அதுவும் அதே அளவு நகர்ந்திருந்தால் படம்தான் நகர்ந்திருக்கிறது. இதனால்தான் வரப்புத் தகராறுக்கு இந்தப் படத்தை ஆதாரமாகத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள் என்று சொல்வேன். அதற்குப் பட்டா, புலப்படம், சர்வேயர் அளவுதான் செல்லும்.

தேதியைச் சரியாகப் பிடித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு மேட்டூர் ஒன்று போதும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது, 2017 ஜனவரியில் தமிழகம் வறட்சி மாநிலமாக அறிவிக்கப்பட்டது. 2017 கோடைப் படங்களைத் தேடுங்கள். அணைக்குப் பின்னால் தண்ணீர் ஒடுங்கி, பழைய ஆற்றின் வளைவு மட்டும் மிஞ்சியிருக்கும். கரையோரத்தை நெருங்கிப் பார்த்தால், தண்ணீர் வடிந்த நிலத்தில் கட்டம் கட்டமாக ஏதோ தெரியும். அவை வயல்கள். தண்ணீர் இறங்க இறங்க, பின்னாலேயே விவசாயிகள் அந்த மண்ணில் விதைத்துக்கொண்டு போவார்கள். பண்ணவாடிப் பக்கம் அணைத் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் நந்தி சிலை வெளியே தலைகாட்டுவதும் இப்படித் தண்ணீர் வெகுவாக இறங்கும் காலங்களில்தான். அடுத்து 2018-இன் பிற்பாதிக்கு வாருங்கள். கர்நாடகத்தில் பெய்த மழையால் அந்த ஜூலையில் அணை 120 அடியை எட்டியது. நீங்கள் பார்த்த வயல் கட்டங்கள் எல்லாம் தண்ணீருக்கு அடியில். மேட்டூர் நிறைவது சேலத்து மழையால் அல்ல என்பதால், இங்கே மாதத்தை மட்டும் பார்த்தால் போதாது, அந்த வருடம் காவிரியில் தண்ணீர் வந்ததா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

படி 4: டைம்லாப்ஸ்

காலக்கோட்டோடு டைம்லாப்ஸ் என்றொரு தேர்வும் கிடைக்கும். 2021 ஏப்ரலில் சேர்த்தது. 1984 முதல் வருடத்துக்கு ஒரு படமாகத் தொடர்ந்து ஓடும். இதற்காக 2 கோடியே 40 லட்சம் செயற்கைக்கோள் படங்களைச் சேர்த்ததாகக் கூகுள் சொன்னது.

இதை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பது முக்கியம். பழைய ஆண்டுகளுக்கு அடிப்படை லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்கள். அவற்றில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். ஒரு வீடும் கொல்லையும் சேர்ந்து அந்த ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். ஆகவே உங்கள் தெருவைத் தேடாதீர்கள். சேலம் நகரம் நாலு பக்கமும் பரவியதையும், வெள்ளைக்கல் சுரங்கம் விரிந்ததையும் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் ஒரு வருடம் முழுவதற்கும் ஒரே படம் என்பதால் கோடைக்கும் மழைக்கும் உள்ள வித்தியாசம் இதில் தெரியாது.

படி 5: ஏற்காடு ஏற்றத்தை வரைபடமாக்குவது

இதற்கு மட்டும் கணினியில் கூகுள் எர்த் ப்ரோ மென்பொருளை நிறுவச் சொல்கிறேன். பெயரில் ப்ரோ இருந்தாலும் காசு கேட்காது. ஒரு காலத்தில் வருடத்துக்கு 399 டாலர், 2015 ஜனவரியிலிருந்து இலவசம்.

ப்ரோவைத் திறந்து, அடிவாரத்தில் மலைச்சாலை தொடங்கும் இடத்துக்குப் போங்கள். மேலே கருவிப்பட்டையில் பாதை வரையும் பொத்தானை அழுத்தினால் பெயர் கேட்டு ஒரு சின்னப் பெட்டி திறக்கும். வரைந்து முடிக்கும் வரை அதை மூடக் கூடாது. மூடினால் கோடு அத்தோடு நின்றுவிடும். மறைத்தால் ஓரமாக இழுத்து வையுங்கள். இப்போது சாலை மீது ஒவ்வொரு இடமாகச் சொடுக்கிக்கொண்டே ஏறுங்கள்.

20 கொண்டை ஊசி வளைவுகள். நேரான சாலையில் தள்ளித் தள்ளிப் புள்ளி வைத்தால் போதும். வளைவில் அப்படிச் செய்யக் கூடாது. ஒவ்வொரு வளைவிலும் நாலைந்து புள்ளி நெருக்கமாக வைத்துச் சாலையோடு சேர்ந்து திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் கோடு சாலையை விட்டு மலைச்சரிவைக் குறுக்கே வெட்டும். அந்த இடத்தில் வண்டி ஏறவே முடியாத செங்குத்தை வரைபடம் காட்டும். மரம் மூடி சாலை தெரியாத இடங்களில் வேறு தேதிப் படத்துக்கு மாற்றிப் பாருங்கள். இலை உதிர்ந்த காலத்துப் படத்தில் அதே சாலை தெளிவாக இருக்கலாம்.

ஏற்காடு ஏரி வரை வந்ததும் பெட்டியில் ஓகே கொடுங்கள். இடப்பக்கப் பட்டியலில் அந்தப் பாதையின் பெயர் மேல் வலது சொடுக்கு, "ஷோ எலிவேஷன் ப்ரொஃபைல்". கீழே மலைமுகடு போல ஒரு வரைபடம் விரியும். மொத்தத் தூரம், குறைந்த உயரம், அதிக உயரம், சரிவு சதவீதம் எல்லாம் அதிலேயே இருக்கும். மவுஸை வரைபடத்தின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். மேலே படத்தில் ஓர் அம்பு அதே சாலையில் ஏறிக்கொண்டே போகும். எந்த வளைவுக்குப் பிறகு ஏற்றம் கடுமையாகிறது, எங்கே மூச்சு வாங்க இடம் இருக்கிறது என்பதெல்லாம் புலப்பட்டுவிடும். சைக்கிளில் ஏறுபவர்கள் கிளம்பும் முன் ஒருமுறை இதைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

சாலையை வரைந்த கையோடு, அது நீரோடைகளைக் கடக்கும் இடங்களையும் குறித்து வையுங்கள். மலையைச் சாய்த்துப் பார்த்தால் ஓடைகள் மடிப்பு மடிப்பாகத் தெரியும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மலைத் தண்ணீர் எந்த வழியாக இறங்கிச் சாலைக்கு வருகிறது என்பது தரையில் நின்று பார்ப்பதைவிட இங்கே எளிதாகப் புரிகிறது. எலிவேஷன் எக்ஸாஜரேஷன் என்ற அமைப்பை மட்டும் 1-லேயே விட்டுவிடுங்கள். கூட்டினால் மலை இல்லாத உயரத்துக்கு எழும்பி நிற்கும்.

ஏற்காட்டில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. மேலிருந்து காடாகத் தெரிவதெல்லாம் காடு அல்ல. 1820-களிலேயே, காக்பர்ன் சேலம் கலெக்டராக இருந்தபோது, இங்கே காப்பி வந்துவிட்டது. காப்பித் தோட்டத்துக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள் மேலே கூரை போட்டுவிடுவதால் செடி படத்தில் தெரியாது. நெருங்கிப் போய், மரங்கள் ஓரளவு சீரான இடைவெளியில் நிற்கின்றனவா, நடுவே செம்மண் வண்டிப்பாதை வளைந்து போகிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் பெரும்பாலும் எஸ்டேட்தான்.

படி 6: அளப்பதும் பகிர்வதும்

பிரவுசரில் அளவுகோல் குறியை அழுத்தி ஏரிக்கரையைச் சுற்றிப் புள்ளி வைத்து, தொடங்கிய புள்ளியிலேயே முடித்தால் சுற்றளவும் பரப்பளவும் வரும். எக்டேரில் வந்தால் 2.47-ஆல் பெருக்கினால் ஏக்கர். கரையை அளக்கிறீர்களா, தண்ணீர் நிற்கும் பரப்பை அளக்கிறீர்களா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் ஏக்கர் கணக்கில் வித்தியாசம் வரும்.

குறித்த இடங்களையும் வரைந்த கோடுகளையும் ஒரு ப்ராஜெக்ட்டாகச் சேமித்தால் உங்கள் கூகுள் டிரைவில் போய் உட்காரும். இணைப்பை அனுப்பினால் மற்றவர்களும் திறந்து பார்க்கலாம். ப்ரோவில் வரைந்ததைக் கேஎம்எல் (இடங்களையும் கோடுகளையும் சேமிக்கும் கோப்பு வகை) கோப்பாகச் சேமித்து, பிரவுசரில் உள்ள எர்த்தில் இறக்குமதி செய்துகொள்ளலாம். ஒவ்வோர் இடத்துக்கும் பெயர் வைக்கும்போது படத்தின் தேதியையும் சேர்த்தே எழுதுங்கள், "மூக்கனேரி, தண்ணீர்ப் பரப்பு, 2019 மார்ச்" என்பது போல. அடுத்த தெளிவான படம் வந்ததும் எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்று தேட வேண்டியிருக்காது.