பரோல் அதிகாரிகள் யூனியனைத் தேர்ந்தெடுக்கும்போது செய்யும் தவறுகள்

அமெரிக்க மாநிலங்களில், சிறையிலிருந்து நிபந்தனையோடு வெளியே விடப்பட்டவர்களைக் கண்காணிக்கும் பரோல் அதிகாரிகள் யூனியனைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலும் முதலில் கேட்பது, "மாதச் சந்தா எவ்வளவு?" கோணல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. உங்கள் கண்காணிப்பில் இருப்பவர் ஒரு கொலை செய்துவிட்டால், உங்கள் கோப்பைத்தான் துறை முதலில் பிரிக்கும். எந்தத் தேதியில் அவர் வீட்டுக்குப் போனீர்கள், ஏன் பதிவு இல்லை என்று கேட்கும். அப்போது உங்கள் பக்கத்தில் உட்காரப்போவது யார் என்பதை வைத்து யூனியனை எடை போடுங்கள்.

துண்டறிக்கையை நம்பாமல் சட்ட உதவித் திட்டத்தின் முழு நகலைக் கேட்டு வாங்குங்கள். துறை விசாரணை, நஷ்டஈட்டு வழக்கு, குற்ற வழக்கு மூன்றும் தனித்தனி. முதலாவதற்கு மட்டும் வக்கீல் கொடுத்துவிட்டு ஒதுங்கும் திட்டங்களும் உண்டு. வக்கீலை யார் தேர்ந்தெடுப்பது, செலவுக்கு உச்சவரம்பு உண்டா என்று பாருங்கள். துறைக்கு எதிரான உங்கள் புகாரை நடுவர் வரை கொண்டுபோவதா என்பதை முடிவு செய்வது பொதுவாக யூனியன்தான், நீங்கள் அல்ல. அந்த முடிவை எடுக்கும் குழுவில் பரோல் அதிகாரி ஒருவராவது இருக்கிறாரா?

உள்ளூர்ப் பிரதிநிதியைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: "விசாரணைக்கு முன்னால் விளக்கம் எழுதிக் கொடுக்கலாமா?" வேலை போய்விடும் என்று மிரட்டி வாங்கிய வாக்குமூலத்தைக் குற்ற வழக்கில் பயன்படுத்தக் கூடாது என்று 1967-இல் கேரிட்டி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. நீங்களாக முன்வந்து எழுதிய தாளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. "எழுதிக் குடுத்துடுங்க, அதோட முடிஞ்சிடும்" என்று சொல்லும் பிரதிநிதி ஆபத்தானவர்.

அடுத்த தவறு, எண்ணிக்கையைப் பார்க்காமல் விடுவது. கலிபோர்னியாவில் பரோல் அதிகாரிகள் சிறைக் காவலர்களோடு ஒரே பேர அலகில், அதாவது ஒரே ஒப்பந்தத்துக்காகச் சேர்ந்து பேசும் குழுவில், இருக்கிறார்கள். நியூயார்க்கிலோ மாநில அரசின் பல்வேறு தொழில்முறை ஊழியர்களோடு. இரண்டு இடத்திலும் அவர்கள் சிறுபான்மைதான். காவலருக்கு ஷிஃப்டும் ஓவர்டைமும் பெரிது. பரோல் அதிகாரிக்கு ஒருவருக்கு எத்தனை கேஸ், வீட்டுச் சோதனைக்குத் துணை ஆள், குண்டு துளைக்காத உடுப்பு, வண்டி. பேச்சுவார்த்தைக் குழுவில் தனி இடம் வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்காவிட்டால், இவை கடைசி நிமிடத்தில் விட்டுக்கொடுக்கப்படும்.

1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் மாநில அரசு ஊழியர்களுக்குப் பொருந்தாது. உங்கள் மாநிலச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். நியூயார்க்கின் டெய்லர் சட்டப்படி அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. மீறினால் ஒரு நாளுக்கு இரண்டு நாள் சம்பளம் பிடிப்பார்கள். அங்கே "ஸ்டிரைக் அடிச்சு வாங்கித் தருவோம்" என்பது வெறும் பேச்சு.

ஆதரவு கேட்டு யூனியன் நீட்டும் கார்டில் கையெழுத்துப் போடுமுன் வாசகத்தைப் படியுங்கள். "தேர்தல் நடத்தக் கோருகிறேன்" என்பது வேறு, "எனக்காகப் பேச அதிகாரம் அளிக்கிறேன்" என்பது வேறு. சில மாநிலங்களில் இரண்டாவது வகைக் கார்டுகள் பெரும்பான்மை சேர்ந்தாலே தேர்தல் இல்லாமல் யூனியன் வந்துவிடும்.

உச்ச நீதிமன்றத்தின் 2018 ஜேனஸ் தீர்ப்புக்குப் பிறகு உறுப்பினர் அல்லாத அரசு ஊழியரிடம் கட்டாயமாகப் பணம் பிடிக்க முடியாது. ஆனால் சந்தாவை மிச்சம்பிடிக்க வெளியே நின்றாலும் யூனியன் போடும் ஒப்பந்தம் உங்களையும் கட்டுப்படுத்தும். அதை ஏற்பதா என்ற வாக்கெடுப்பில் பொதுவாக உங்களுக்கு ஓட்டு இருக்காது.

யூனியனை மாற்ற நினைப்பவர்கள் நடப்பு ஒப்பந்தம் முடியும் தேதியை இன்றே பாருங்கள். மனு கொடுக்க அதையொட்டிச் சில வாரங்கள்தான் கிடைக்கும். தவறினால் அடுத்த ஒப்பந்தம் முடியும்வரை காத்திருக்க நேரலாம்.